பெயரா, வினையா? கடைக்காரர்களுக்கு ஓர் ஆங்கிலப் பாடம்



நம்மவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்தில் கற்ற ஆங்கிலத்தைக் காட்டிலும் கல்லாவில் உட்கார்ந்து கற்ற ஆங்கிலமே அதிகம். சரக்குகளின் பெயர் தெரியும். விலை பேசத் தெரியும். வருகிற கடிதத்தின் கருத்தை ஒருவாறு ஊகித்துக்கொள்ளவும் தெரியும். பதில் எழுத உட்காரும்போதுதான் கை தயங்குகிறது. இலக்கணம் என்பது பரீட்சை எழுதும் பிள்ளைகளின் விஷயம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்கியதால் எனக்கு நேர்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன். நான் ஆசிரியன் அல்லேன். மத்ரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே என் கல்வி. ஆகவே அறிந்தவர்கள் பிழை கண்டால் பொறுத்துத் திருத்தவும்.

ஆங்கிலச் சொற்களை எல்லாரும் வாய்விட்டுப் படிக்கும்படி தமிழெழுத்திலேயே கொடுத்திருக்கிறேன்.

இரண்டு சொல்லால் வந்த வினை

சென்ற ஆண்டு நோன்புக்கு முந்திய வாரம். பேரீச்சம்பழமும் பருப்பும் தரும் மொத்த வியாபாரி ஒருவருக்கு நான் 2,400 வெள்ளி பாக்கி தரவேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு அவருடைய கணக்கர் கைப்பேசியில் பணத்தைப் பற்றி விசாரித்திருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை கட்டுவேன் என்ற எண்ணத்தில் நான் இரண்டே சொல்லில் பதில் போட்டேன்: “பேமெண்ட் ஃபிரைடே.” அவரோ, போன வெள்ளிக்கிழமையே கட்டியாகிவிட்டது என்று பொருள் கொண்டார். வங்கிக் கணக்கைப் பார்த்தால் பணம் வந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வரவேண்டிய லாரி வரவில்லை. கேட்டதற்கு, “கட்டாத பணத்தைக் கட்டியதாக எழுதுகிறவருக்கு எப்படிச் சரக்கு அனுப்புவது?” என்று பதில் வந்தது. பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம். நேரில் சென்று விளக்கி, அங்குமிங்கும் புரட்டிப் பணத்தையும் கட்டினேன். சரக்கு வந்து சேர்ந்தபோது நோன்பு பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்த நான்கு நாள் வியாபாரம் போனதுகூடப் பெரிதன்று. பொய் சொன்னவன் என்ற பெயர் இரண்டு நாளேனும் என்மீது இருந்ததே, அதுதான் பெரிது.

வீட்டில் இதைச் சொன்னபோது, இடைநிலைப் பள்ளியில் படிக்கும் என் மகள் அந்தச் செய்தியை வாங்கிப் பார்த்தாள். “அத்தா, இதில் வினைச்சொல்லே இல்லையே! கட்டினீர்களா, கட்டுவீர்களா என்று அவர் எப்படி அறிவார்?” என்றாள். அந்தக் கேள்வியே இந்தப் பாடம்.

1. பெயர் எது, வினை எது?

மத்ரஸாவில் நஹ்வு தொடங்கிய எவரும் முதல் நாளே ஓதும் விஷயம் இது: பேச்சு மூன்று வகைச் சொற்களால் ஆனது, அவை இஸ்மு, ஃபிஃலு, ஹர்ஃபு. மொராக்கோவின் ஃபாஸ் நகரத்து இமாம் இப்னு ஆஜுர்ரூம் எழுதிய ஆஜுர்ரூமிய்யா என்னும் சிறு கிதாபு இப்படித்தான் ஆரம்பமாகிறது. அவர் 1323இல் மறைந்தார். அன்று முதல் இன்று வரை உலகெங்கும் மத்ரஸாக்களில் அந்தக் கிதாபு ஓதப்படுகிறது. இஸ்மு என்பது பெயர்ச்சொல். ஃபிஃலு என்பது வினைச்சொல்.

நம் தமிழிலும் இதே பிரிவுதான். தொல்காப்பியமும் நன்னூலும், பெயர் வேற்றுமை ஏற்கும், வினை காலம் காட்டும் என்று பிரிக்கின்றன. “பணத்தை”, “பணத்தால்”, “பணத்துக்கு” என்று பெயர் உருபு ஏற்கிறது. “கட்டினேன்”, “கட்டுகிறேன்”, “கட்டுவேன்” என்று வினை காலம் காட்டுகிறது. யார் கட்டியது என்பதையும் சேர்த்துக் காட்டிவிடுகிறது.

ஆங்கிலத்தில் பெயரை “நவுன்” என்பர். வினையை “வெர்ப்” என்பர். ஆள், ஊர், பொருள், குணம், செயலின் பெயர் ஆகியவை நவுன். செய்ததை, செய்வதை, செய்யப்போவதைச் சொல்வது வெர்ப். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செயலைக் குறிக்கும் சொல்லெல்லாம் வினை என்று நினைத்துவிடக் கூடாது. “பேமெண்ட்” என்பது செயலைத்தான் குறிக்கிறது. ஆயினும் அது “கட்டணம்” என்பதுபோல ஒரு பெயர். அதில் காலமும் இல்லை, கட்டியவரும் இல்லை. அரபியில் இப்படிப்பட்ட சொல்லை மஸ்தர் என்கிறோம். “பைஉ” என்றால் விற்பனை, அது இஸ்மு. “பாஅ” என்றால் அவன் விற்றான், அது ஃபிஃலு. நான் மஸ்தரை மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, அவர் அதில் எதிர்காலத்தைக் கண்டுகொள்வார் என்று எதிர்பார்த்தேன்.

2. பெயரின் அடையாளங்கள்

ஆஜுர்ரூமிய்யா சொல்லின் பொருளை விவரித்துக்கொண்டிராமல் அடையாளங்களைச் சொல்லிக் கொடுக்கும். முன்னால் அலிஃப் லாம் வந்தால் இஸ்மு. இறுதியில் தன்வீன் வந்தால் இஸ்மு. முன்னால் ஜர்ருடைய ஹர்ஃபு வந்தால் இஸ்மு. அதே முறை ஆங்கிலத்துக்கும் பொருந்தும்.

முதல் அடையாளம்: முன்னால் “தி” வருதல். அலிஃப் லாம் போன்றது இது. “தி ஆர்டர்” என்றால் குறிப்பிட்ட அந்த ஆர்டர். அதுபோலவே “ஏ”, “ஆன்” என்பவை ஏறக்குறைய தன்வீனுடைய வேலையைச் செய்கின்றன. “ஆன் ஆர்டர்” என்றால் ஏதோ ஓர் ஆர்டர்.

இரண்டாம் அடையாளம்: முன்னால் “மை”, “அவர்”, “யுவர்”, “ஹிஸ்” போன்ற உடைமைச் சொல் வருதல். “யுவர் பேலன்ஸ்”, “அவர் ஸ்டாக்”.

மூன்றாம் அடையாளம்: முன்னால் “ஆஃப்”, “ஃபார்”, “இன்”, “வித்” போன்ற சொல் வருதல். “ஃபார் பேமெண்ட்”, “இன் ஸ்டாக்”. இவை ஜர்ருடைய ஹர்ஃபுகளைப் போன்றவை.

நான்காம் அடையாளம்: எண்ணிக்கைச் சொல்லோ, “நோ” என்னும் சொல்லோ முன்னால் வருதல். “டூ ஆர்டர்ஸ்”, “நோ கிரெடிட்”.

இந்தச் சொற்களுக்கும் பெயருக்கும் நடுவே வேறொரு சொல் நுழையலாம். “தி நியூ ஆர்டர்” என்றாலும் ஆர்டர் பெயரே. இரண்டு பெயர்கள் சேர்ந்து வந்தால் இறுதியில் உள்ளதே தலைமை. “டெலிவரி ஆர்டர்” என்பது ஒருவகை ஆர்டர். முன்னுள்ள டெலிவரி அது எவ்வகை என்று விளக்குகிறது.

3. வினையின் அடையாளங்கள்

அரபியில் “ஸவ்ஃப” முன்னால் வந்தால் அது ஃபிஃலு என்று தெரிந்துகொள்கிறோம். அது எதிர்காலத்தைக் காட்டும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் “வில்” நிற்கிறது. “வீ வில் பே” என்றால் நாங்கள் கட்டுவோம். “கேன்”, “மஸ்ட்”, “மே” என்பவையும் அப்படியே வினைக்கு முன்னால் நிற்பவை.

“ஹேவ்”, “ஹேஸ்” முன்னால் வந்து, செயல் முடிந்துவிட்டதைச் சொன்னால் வினை: “வீ ஹேவ் பெய்ட்.” ஆயினும் எச்சரிக்கை வேண்டும். “வீ ஹேவ் ஸ்டாக்” என்பதில் ஹேவ் என்பதே வினை. எங்களிடம் இருக்கிறது என்று பொருள். ஸ்டாக் பெயர்.

இறந்தகாலத்தில் பல வினைகள் இறுதியில் “ட்” அல்லது “டு” ஓசை பெறும்: “ஆர்டர்டு”, “ஷிப்ட்”, “சப்ளைடு”. சில வினைகள் உருவமே மாறும்: பே, பெய்ட், செல், சோல்ட், பை, பாட், சென்ட் என்பதற்கு இறுதி எழுத்து “டி”யிலிருந்து “டீ”யின் வல்லோசைக்கு மாறும். இவற்றை மனனம் செய்வதே வழி.

மறுக்கும்போது வினைக்கு “நாட்” வரும். பெயருக்கு “நோ” வரும். “வீ டூ நாட் ஆர்டர்” என்றால் நாங்கள் ஆர்டர் செய்வதில்லை. “நோ ஆர்டர்” என்றால் ஆர்டர் எதுவும் இல்லை. மலாயில் பெயரை மறுக்கப் “புக்கான்” என்றும் வினையை மறுக்கத் “தீடாக்” என்றும் நாம் தினமும் சொல்கிறோம் அல்லவா? ஏறக்குறைய அதே பாகுபாடு என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

அடையாளம் எதுவும் முன்னால் இல்லாமலே வினை வருவது ஏவலில்தான். “பே ஹியர்” என்ற பலகையில் பே வினை: இங்கே கட்டு. “பேமெண்ட் கவுண்டர்” என்ற பலகையில் வினை கிடையாது, இரண்டும் பெயர்.

4. ஒரே சொல், இரண்டு வேலை

நம்மை அதிகம் மயக்குவது இதுதான். ஆர்டர், ஸ்டாக், கிரெடிட், சப்ளை, சார்ஜ், ரிட்டர்ன், ஷிப், பேலன்ஸ், டெபாசிட் ஆகிய கடைச் சொற்கள் யாவும் பெயராகவும் வரும், வினையாகவும் வரும். அகராதியைப் பார்த்தால் இரண்டு பொருளும் இருக்கும். அப்படியானால் எப்படி அறிவது?

தமிழில் நாம் எப்படி அறிகிறோம்? “ஒரு படி அரிசி” என்றால் படி பெயர். “பாடத்தைப் படி” என்றால் படி வினை. யாரும் மயங்குவதில்லை. நம் நாட்டுத் தமிழில் “வெள்ளி” என்றால் கிழமையும் உண்டு, காசும் உண்டு. “வெள்ளித் தொழுகை” என்கிறபோது யாரும் பணப்பையைத் தொடுவதில்லை. “பத்து வெள்ளி” என்கிறபோது யாரும் பள்ளிவாசலுக்குப் புறப்படுவதில்லை. பக்கத்துச் சொல் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் பக்கத்துச் சொல்லைப் பார்ப்பதே வழி.

“வீ ஸ்டாக் ரைஸ்”: நாங்கள் அரிசி இருப்பு வைக்கிறோம். செய்பவர் முன்னால், பொருள் பின்னால். நடுவில் இருப்பது வினை.
“அவர் ஸ்டாக் இஸ் லோ”: எங்கள் இருப்பு குறைவு. முன்னால் உடைமைச் சொல்; ஆகவே பெயர்.
“தே வில் கிரெடிட் யுவர் அக்கவுண்ட்”: உங்கள் கணக்கில் வரவு வைப்பார்கள். வினை.
“தே கேவ் மீ கிரெடிட்”: எனக்குக் கடனுக்குக் கொடுத்தார்கள். பெயர்.

கடைசி இரண்டையும் கூர்ந்து பாருங்கள். ஒன்றில் பணம் நமக்கு வரவாகிறது. மற்றொன்றில் நாம் கடன்காரராகிறோம். சொல் ஒன்றுதான், பற்றும் வரவும் இடம் மாறிவிடுகின்றன.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. வாக்கியத்தில் “நேற்று” என்னும் பொருள்படும் “யெஸ்டர்டே” என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். எந்தச் சொல் உருவம் மாறுகிறதோ அது வினை. “வீ ஸ்டாக்டு ரைஸ் யெஸ்டர்டே” என்று ஸ்டாக் மாறுகிறது. “அவர் ஸ்டாக் வாஸ் லோ யெஸ்டர்டே” என்பதில் ஸ்டாக் மாறாமல் நிற்கிறது. “இஸ்” என்பதே “வாஸ்” ஆயிற்று. ஆகவே அங்கே வினை “இஸ்”.

5. “எஸ்” எழுத்தின் மயக்கம்

பெயரின் இறுதியில் எஸ் சேர்ந்தால் பன்மை. வினையின் இறுதியில் எஸ் சேர்ந்தால் செய்பவர் ஒருவர். “டூ ஆர்டர்ஸ்” என்றால் இரண்டு ஆர்டர்கள். “ஹீ ஆர்டர்ஸ் டீ” என்றால் அவர் ஒருவர் தேநீர் கேட்கிறார். எஸ் கண்டவுடன் பன்மை என்று முடிவு கட்டாமல், முன்னால் ஆள் நிற்கிறாரா, எண் நிற்கிறதா என்று பார்க்கவும்.

6. வால் முளைத்தால் பெயர்

மலாயில் “பாயார்” என்றால் கட்டு. “பாயாரான்” என்றால் கட்டணம். “பெசான்” என்றால் சொல்லி வரவழை; “பெசானான்” என்றால் ஆர்டர். “பிஞ்சாம்” என்றால் இரவல் வாங்கு; “பிஞ்சாமான்” என்றால் கடன். வினைக்குப் பின்னால் ஒரு வால் முளைத்தால் அது பெயராகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வால்கள் பல வகை.

“மெண்ட்” வால்: பே, பேமெண்ட், அக்ரீ, அக்ரிமெண்ட், ஷிப், ஷிப்மெண்ட்.
“ஷன்” வால்: கலெக்ட், கலெக்ஷன், இன்ஸ்பெக்ட், இன்ஸ்பெக்ஷன்.
“அல்” வால்: அப்ரூவ், அப்ரூவல், ரெஃப்யூஸ், ரெஃப்யூசல்.
“அன்ஸ்” வால்: இன்ஷூர், இன்ஷூரன்ஸ்.
“இ” வால்: டெலிவர், டெலிவரி.

“இங்” வால் மட்டும் இரு பக்கமும் செல்லும். “வீ ஆர் செல்லிங் ரைஸ்” என்றால் விற்றுக்கொண்டிருக்கிறோம், வினை. “செல்லிங் இஸ் நாட் ஈசி” என்றால் விற்பது எளிதன்று. நம் தமிழில் “விற்றல்” என்னும் தொழிற்பெயர் போன்றது.

7. ஓசையாலும் எழுத்தாலும் மாறுபவை

சில சொற்களில் பெயருக்கு முதல் அசையை அழுத்த வேண்டும். வினைக்குப் பின் அசையை அழுத்த வேண்டும். இம்போர்ட், எக்ஸ்போர்ட், பெர்மிட், ரெக்கார்ட், ரீஃபண்ட் ஆகியவை இப்படிப்பட்டவை. சுங்க அலுவலகத்தில் கையில் வாங்கும் “பெர்மிட்”டுக்கு முன் அசை அழுத்தம். அனுமதிக்கிறேன் என்று சொல்லும் “பெர்மிட்”டுக்குப் பின் அசை அழுத்தம். ஆர்டர், கிரெடிட், சப்ளை போன்றவற்றில் இந்த மாற்றம் இல்லை.

சிலவற்றில் இறுதி ஓசை மாறும். “அட்வைஸ்” பெயரானால் இறுதியில் அரபி ஸீனுடைய ஓசை, எழுதும்போது “சி”. வினையானால் இறுதியில் ஸாயுடைய ஓசை, எழுதும்போது “எஸ்”. “ப்ளீஸ் அட்வைஸ்” என்று கடித முடிவில் எழுதுகிறோமே, அது வினை. ஆகவே எஸ் போடவேண்டும். நம்மில் பலர் சி போட்டு எழுதுகிறோம். “யூஸ்” என்ற சொல்லும் ஓசையில் இப்படியே, எழுத்தில் மாற்றமில்லை. “லைசென்ஸ்”, “பிராக்டிஸ்” இரண்டும் ஓசையில் மாறாது. பிரிட்டிஷ் முறையில் பெயருக்கு சி, வினைக்கு எஸ் என்று எழுத்து மட்டும் மாறும். நம் பிள்ளைகள் பள்ளியில் கற்பது இந்த முறையே. அமெரிக்கர்கள் லைசென்ஸ் இரண்டுக்கும் எஸ் போடுவார்கள். ஆகையால் அங்கிருந்து வரும் தாள்களைப் பார்த்து மயங்க வேண்டாம்.

8. வினையில்தான் வாக்கு இருக்கிறது

நிகாஹ் மஜ்லிஸில் மாப்பிள்ளை என்ன சொல்கிறார்? “கபில்து” என்கிறார், ஏற்றுக்கொண்டேன் என்று பொருள். முடிந்த காலம், தன்மை ஒருமை, ஒரு ஃபிஃலு. ஃபிக்ஹு கிதாபுகளிலும் விற்பனையின் ஈஜாபு கபூலுக்கு “பிஃது” அதாவது விற்றேன், “இஷ்தரைது” அதாவது வாங்கினேன் என்று இறந்தகால வினையையே முதல் உதாரணமாகக் காட்டுவார்கள். விற்றேன் என்பது ஒப்பந்தம். விற்பேன் என்பது வாக்குறுதி. வெறும் “விற்பனை” என்று சொல்லி நிறுத்தினால் அது இரண்டும் ஆகாது. நம் முன்னோர் காலத்தின் மீது வைத்த கவனம் இது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் சூரா அல்பகராவின் 282ஆம் வசனம். அது கடன் எழுதுவதைப் பற்றியதே. தவணையிட்ட கடனை எழுதிக்கொள்ளவும், எழுதுபவர் நீதியாக எழுதவும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்லவும், சிறிதாயினும் பெரிதாயினும் தவணையோடு எழுதச் சலிப்படையாமல் இருக்கவும் அங்கே கட்டளை வருகிறது. கடன்பட்டவன் நான். தவணையைத் தெளிவாகச் சொல்லவேண்டிய கடமை என்னுடையதாக இருந்தது. நானோ ஒரு வினைச்சொல்லை எழுதச் சலிப்படைந்தேன்.

ஆகவே பணம், தேதி, சரக்கு பற்றி எதை எழுதினாலும் அனுப்புமுன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இதில் வினை எது? அது எந்தக் காலம்? செய்கிறவர் யார்? மூன்றுக்கும் விடை அந்த வரியிலேயே இருந்தால் அனுப்பலாம். “வீ வில் பே ஆன் ஃபிரைடே” என்று எழுத மூன்று சொல்தான் கூடுதல். கிழமையோடு தேதியையும் சேர்த்துவிட்டால் இன்னும் நன்று.

பயிற்சி

கீழே உள்ளவற்றில் மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொல் பெயரா, வினையா?

1. தி லாரி வில் “டெலிவர்” தி ரைஸ் டுமாரோ.
2. வீ ஹேவ் நோ “ஸ்டாக்”.
3. ஹீ “சப்ளைஸ்” ஆனியன்ஸ்.
4. யுவர் “ஆர்டர்” ஹேஸ் அரைவ்டு.
5. ப்ளீஸ் “செக்” தி “செக்”.
6. “ரிட்டர்ன்” 12 பாக்ஸ்.

விடைகள்

1. வினை, முன்னால் வில்.
2. பெயர், முன்னால் நோ.
3. வினை, ஒருவர் செய்வதால் எஸ்.
4. பெயர்; முன்னால் யுவர். இங்கே வினை “ஹேஸ் அரைவ்டு”.
5. முன்னது வினை, சரிபார் என்பது. பின்னது பெயர், காசோலை என்பது. ஓசை ஒன்று, பிரிட்டிஷ் முறையில் எழுத்து வேறு.
6. இதற்கு விடை சொல்ல முடியாது. திருப்பி அனுப்பு என்ற ஏவலாகவும் கொள்ளலாம். திரும்பி வந்த சரக்கு என்ற பெயராகவும் கொள்ளலாம். இப்படி எழுதாதீர்கள் என்பதற்காகவே இதைச் சேர்த்தேன். “வீ ரிட்டர்ன்டு 12 பாக்ஸஸ் ஆன் மண்டே” என்று எழுதினால், யார், எப்போது, எத்தனை என்ற எல்லாம் விளங்கும்.

இன்றிரவு கடை அடைத்த பிறகு, இந்த வாரம் நீங்கள் அனுப்பிய செய்திகளில் பத்தை எடுத்து வினைச்சொல்லைத் தேடிப் பாருங்கள். பக்கத்தில் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் உட்கார்த்திக்கொள்ளுங்கள். அவர்களிடம் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. நான் அப்படித்தான் கற்றேன்.

அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத்தையும் நம் சொல்லில் தெளிவையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.